கண் விட்டதைக் காது பிடிக்கும்

ஜப்பானின் கால்பிஸ் 1919-ல் சந்தைக்கு வந்த பால் பானம். ‘கால்’ கால்சியத்திலிருந்து வந்தது. ‘பிஸ்’ நெய்யைக் குறிக்கும் சர்பிஸ் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து. லேபிளில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலம் பேசுகிறவர் காதில் விழும்போதுதான் அது ‘கௌ பிஸ்’, அதாவது பசுவின் மூத்திரமாகிறது. அமெரிக்கக் கடைகளில் அதே பானத்துக்குக் கால்பிகோ என்று பெயர். ஏற்றுமதிக்குப் போகும் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய உதாரணம் இதுதான்.

சோதனையை ஒலியில் தொடங்க வேண்டும். பொருள் பிறந்த நாட்டுக்காரர் ஒருவர் இயல்பான வேகத்தில் பெயரைச் சொல்லப் பதிவு செய்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு எழுத்தைக் காட்டாமல் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து, வேறு ஆட்களிடம் எழுத்தை மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளிடம் இரண்டையும் செய்தால் இரண்டாவது சோதனை வீண். முதலில் கேட்ட உச்சரிப்பிலேயே வாசித்துவிடுவார்.

இந்த இரண்டு சோதனைகளிலும் சிக்குபவை வேறு வேறு. காபியில் கலக்கும் ஜப்பானியப் பால் பவுடரான கிரீப் காதில் மாட்டும். ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு அருவருப்பான ஆசாமி என்று அர்த்தம். பிரான்சின் ப்ஷிட் சோடா கண்ணில் மாட்டும். மூடியைத் திறக்கும்போது எழும் சத்தத்தையே பெயராக வைத்தார்கள். ஆங்கிலக்காரரோ முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, மலத்தைக் குறிக்கும் கெட்ட வார்த்தையாக வாசிக்கிறார். ஈரானின் பார்ஃப் சலவைத் தூளும் அப்படித்தான். பாரசீகத்தில் அது வெண்பனி, ஆங்கிலத்தில் வாந்தி.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் கொச்சைச் சொற்கள் ஒன்றல்ல. பதின்ம வயதினர் பேச்சு தெரிந்தவர் கட்டாயம் இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் கேலி செய்வார்கள். பதிலைத் தனித்தனியாக, எழுத்தில் வாங்குங்கள். பெயரை வைத்தவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்டால், படித்த மனிதர் யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போவார். சோதனை கெடுவது பெரும்பாலும் இந்த மரியாதையால்தான்.

பெயரை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில், முழுவதும் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இணைய முகவரியாக என மூன்று விதமாகவும் எழுதிப் பாருங்கள். ஒட்டி எழுதும்போது நடுவில் புதிய சொல் முளைக்கும்.

வாக்கியத்தில் வைத்தும் கேட்க வேண்டும். ஜப்பானிய பானமான போகாரி ஸ்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட் என்றால் வியர்வை. தனியாக ஒலிக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை, ‘குடிக்கிறீர்களா?’ என்று சேர்த்தால் சுளிப்பார்கள். ஆனாலும் அதை மாற்றச் சொல்ல மாட்டோம். வியர்வையில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பானம் அது. பெயர் அதன் வேலையைச் சொல்கிறது. 1980-ல் வந்த பானம் பல நாடுகளில் அதே பெயரில்தான் விற்கிறது. கால்பிஸ் அப்படியில்லை. வாயில் வைக்கும் பொருளோடு சம்பந்தமே இல்லாத கழிவு நினைவுக்கு வந்தால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும்.

இத்தனையும் வணிகக்குறி விண்ணப்பத்துக்கு முன்பே முடிய வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கோரும் மாட்ரிட் முறையில் பதிவான குறியைப் பிறகு திருத்த முடியாது. பெயர் மாறினால் புதிய விண்ணப்பம், புதிய கட்டணம். முதன்மை பிராண்டு மாறினால் பொருளை அடையாளம் காட்டும் பார்கோடு எண்ணான ஜிடிஐஎன்னும் புதிதாக வேண்டும். உறை அச்சிடும் சிலிண்டர்களில் பெயர் வரும் ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி செதுக்க வேண்டும்.

சொந்த ஊரில் புழங்கும் பெயரில் கை வைக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. ஜப்பானின் கின்கி பல்கலைக்கழகத்தின் பெயர், ஆங்கிலத்தில் விபரீதப் பாலியல் ரசனையைக் குறிக்கும் சொல்லாக ஒலித்தது. 2016-ல் ஆங்கிலப் பெயரை மட்டும் கின்டாய் என்று மாற்றினார்கள். ஜப்பானியர்கள் சுருக்கமாக அழைக்கும் பெயரே அது. ஜப்பானியப் பெயர் அப்படியே இருக்கிறது. மாற்றுப் பெயர் தேடும்போது, உள்ளூர்க்காரர் ஏற்கெனவே செல்லமாகச் சுருக்கிக் கூப்பிடும் பெயர் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அதையும் அதே ஒலிப்பதிவில் தொடங்கி மறுபடி முழுதாகச் சோதியுங்கள்.