தூத்துக்குடிக்கு வாய்த்த தாய்

ஆகஸ்ட் 5 என்றால் தூத்துக்குடி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குப் பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் மூடுவது ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அன்று சாயங்காலம் பனிமய மாதா பேராலயத்து வாசலில் வந்து நின்றால் போதும், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், நெல்லையப்பர் தேர் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் ஆடி பிறந்துவிட்டால் மனசு தூத்துக்குடிக்குப் போய்விடும். ஜூலை 26 கொடியேற்றம். கொடி மேலே ஏறியதும் பழைய துறைமுகத்தில் நிற்கிற இழுவைக் கப்பல்கள் சைரன் ஊதும். சனங்கள் நேர்ந்துகொண்டு வந்த பாலையும் பழத்தையும் கொடிமரத்தடியில் படைப்பார்கள். அங்கிருந்து பத்து நாளும் ஊர் வேறு ஊராகிவிடும்.

இந்தக் கடற்கரைப் பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். 1542-இல் கிறிஸ்தவத் துறவி சவேரியார் வந்து அவர்களோடு நடந்தார். 1555-இல் மணிலாவிலிருந்து சாந்தா எலேனா என்ற கப்பலில் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வந்து இறங்கியது. வந்த சுரூபம் நிம்மதியாக ஒரே இடத்தில் இருக்கவும் முடியவில்லை. 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அதைப் பத்திரமாக வெளியே கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றியவர்கள் இந்த மக்கள்தான் என்று கோயில் வரலாறு சொல்கிறது. இப்போது நாம் பார்க்கிற கோயில் 1713-இல் எழுந்தது. 1982-இல் போப் இரண்டாம் ஜான் பால் அதைப் பேராலயமாக உயர்த்தினார். என்னைக் கேட்டால், அந்தப் பட்டத்துக்கு எத்தனையோ காலம் முன்பே ஊர் அவளைத் தன் வீட்டு மனுஷியாக்கிவிட்டது. ஒளித்துவைத்துக் காப்பாற்றிய தாயை யார் அந்நியம் என்று நினைப்பார்கள்?

அப்புறம் அந்தத் தங்கத்தேர். 1806-இல் பரதவர்களின் ஜாதித் தலைவர் மாதாவுக்குத் தேர் செய்து ஓட்டினார். இந்த மண்ணில் சாமி என்றால் வருஷத்தில் ஒரு நாளாவது வீதிக்கு வர வேண்டும், கோயிலுக்குள் நுழைய முடியாத கிழவிக்கும் தெருமுனையில் தரிசனம் கொடுக்க வேண்டும். மாதாவும் அப்படியே வந்தாள். தங்கத்தேர் எல்லா வருஷமும் ஓடாது. கோயிலுக்கு 300 ஆண்டு நிறைந்த 2013-இல் ஓடியது, பிறகு 2023-இல் ஓடியது. மற்ற வருஷங்களில் ஆகஸ்ட் 5 இரவு சுரூபம் சப்பரத்தில் நகர வீதிகளில் பவனி வரும்.

நான் போனதும் அப்படிப்பட்ட ஒரு வருஷம்தான். தரிசன வரிசையில் எனக்கு முன்னால் திரேஸ்புரத்து அக்கா ஒருவர், கையில் பிச்சிப்பூ மாலை. வாழையிலையில் பொதிந்து, மேலே ஈரத்துணி சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல நெஞ்சோடு வைத்திருந்தார். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். "கடலுக்குப் போற அன்னைக்கு அவளத்தான் கும்பிட்டுட்டு விடுவேன். அவ பாத்துக்கிடுவா" என்றார். நான் நெற்றியில் வைத்திருந்த திருநீற்றைப் பார்த்தார். "நீங்களும் வந்தீகளே, நல்லாருப்பீக தாயி" என்று சொல்லி, மாலையிலிருந்து ஒரு சரத்தைப் பிரித்து என் தலையில் வைத்துவிட்டார். மாதாவுக்கென்று கட்டிய பூ! வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே பீடத்தில் பட்டும் கிரீடமும் தரித்து, கையில் குழந்தை இயேசுவோடு மாதா. கூட்டம் தள்ளுகிறது, நிற்க நேரமில்லை. கேட்க நினைத்ததெல்லாம் மறந்து, "அம்மா" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. சரி, அது போதும் என்று நகர்ந்தேன்.

ராத்திரி பவனியில் பார்த்தேன்: செபமாலை உருட்டுகிற கையும் இருந்தது, கருப்புக்கயிறு கட்டின கையும் இருந்தது. சப்பரம் தெருவுக்குள் திரும்பியதும் மாடியிலிருந்து பூ தூவினார்கள். கடைக்காரர் ஒருவர் கடைப்பலகையில் பானகம் ஊற்றி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு மேலே முருகன் படம், அதற்குப் பக்கத்திலேயே மாதா படம், இரண்டுக்கும் ஒரே மாலை. வேம்பாரிலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் வந்த பெண்கள் அங்கேயே உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

போக நினைப்பவர்கள் கொடியேற்றத்துக்கே போங்கள். கடைசி நாளில் கூட்டம் நெரியும், வயசானவர்களைக் கூட்டிப்போவது சிரமம். பேராலயம் கடற்கரையை ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி மாதா கோயில் என்றால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். விடியற்காலைப் பூசைக்குப் போனால் அவள் முன்னால் கொஞ்ச நேரம் உட்காரலாம்.