வண்டி புறப்படும் ஊர்

எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறோம். கணவருக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. எனக்குப் பாரிமுனையில், தம்புச்செட்டித் தெருவில், சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்குப் பிரிவு. ஒன்று சென்னைக்குத் தென்மேற்கே எல்லையைத் தாண்டி, மற்றொன்று துறைமுகத்தின் வாசலில். மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் தம் மகனுக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டார். அந்தப் பகுதியில் இப்போது கேட்கிற வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. புறநகர் என்று முடிவாயிற்று. எந்தப் புறநகர் என்பதில்தான் வீடு முழுக்கப் பேச்சு.

உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் படப்பை என்றார்கள். ஒரகடத்துக்கு அருகில், தனி வீடு, கிணறு, தென்னை, குறைந்த வாடகை. "அவன் வேலைக்குப் பக்கத்தில் பாருங்கள், நீ எப்படியும் போய்க்கொள்வாய்" என்றார் மாமியாரின் அண்ணன். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த "எப்படியும்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதினேன். படப்பையில் ரயில் கிடையாது. பஸ் பிடித்துத் தாம்பரம், அங்கே ரயில், பீச் நிலையத்தில் இறங்கி நடை. மாலையில் இதே வரிசை தலைகீழாக, அதுவும் கடைசியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பதோடு. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் நான் அலுவலகத்தை விட்டுக் கிளம்பவே எட்டு மணியாகும்.

கணவருக்கோ கம்பெனி பஸ் இருக்கிறது. தாம்பரம், முடிச்சூர், பூந்தமல்லி எனப் பல இடங்களில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. பஸ் தாமதமானால் அந்தத் தாமதம் கம்பெனியின் பொறுப்பு, சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள். ஏறியதும் தூங்கலாம். எனக்கு யாரும் வண்டி அனுப்புவதில்லை. ஆகவே வண்டி வராதவருக்காக வீடு பார்ப்போம், வண்டி வருகிறவர் தெருமுனை வரை நடந்து வரட்டும் என்றேன். ஆண் வேலை பார்க்கும் இடத்தைச் சுற்றிக் குடித்தனம் அமைப்பது நம் வீடுகளில் யாரும் யோசிக்காமலே நடக்கிற காரியம். அவர் ஒரு நாள் முழுக்க ஒன்றும் பேசவில்லை. மறுநாள், முடிச்சூர் சாலையில் பஸ் நிற்கிற இடங்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்து தந்தார்.

மாமியாருக்குத் திருநின்றவூர்மேல் ஆசை. அவருடைய தங்கை அங்கே இருக்கிறார். பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. தாயாருக்கு அங்கே "என்னைப் பெற்ற தாயார்" என்று பெயர்; அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும். மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலாரின் ஊரும் அதுதான். ஊரை எனக்கும் பிடித்திருந்தது. ஏரிப் பக்கம் காற்று, தெருக்களில் இன்னும் திண்ணைகள். அங்கிருந்து சென்ட்ரல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து பீச்சும் ஏறத்தாழ அதே 30. தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

ஒரு திங்கட்கிழமை காலை, விடுப்பு எடுத்துக்கொண்டு, மாமியாரின் தங்கை வீட்டிலிருந்து கிளம்பித் திருநின்றவூர் நடைமேடையில் போய் நின்றேன். வீடு தேடுகிற ஒவ்வொருவரும் இதைச் செய்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் வீட்டைப் பார்த்து, காலியான ரயிலில் திரும்பி வருவதில் எதுவும் தெரியாது. அரக்கோணம் பக்கமிருந்து வந்த வண்டியில் பெண்கள் பெட்டியின் வாசலிலேயே இடமில்லை. உள்ளே இருந்தவர்கள் நகர்ந்துகொடுக்கத்தான் பார்த்தார்கள், நகர இடம் வேண்டுமே. என் பக்கத்தில் நின்ற அம்மா, கையில் டிபன் பையும் தோளில் ஒரு பையுமாக, ஏறவே முயலவில்லை. "ஆவடி வரைக்கும் எதிலாவது தொற்றிக்கொண்டு போய்விடுவேன். அங்கே புறப்படுகிற வண்டி இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கும்" என்றார். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். "பிள்ளை காலேஜ் முடித்துவிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அன்று விஷயம் விளங்கிவிட்டது. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, வண்டி எங்கே புறப்படுகிறது என்பது முக்கியம். ஆவடியிலும் தாம்பரத்திலும் மின்சார ரயில் பணிமனைகள் இருக்கின்றன. பல வண்டிகள் அங்கிருந்தே கிளம்புகின்றன. ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவதும் ஒரு மணி நேரம் நின்று போவதும் ஒன்றல்ல. நாற்பது வயதைத் தாண்டிய முழங்காலுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இன்னொன்று, திருநின்றவூர், ஆவடி வழியாக வரும் மேற்குப் பாதை வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் நிலையத்தோடு முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு பாரிமுனைக்குப் பஸ், அல்லது மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம், உயர் நீதிமன்றம். ஒரு நிறுத்தம்தான் என்றாலும் இறங்கி, ஏறி, பையைச் சோதனைக்குக் கொடுத்து, மறுபடி ஏற வேண்டும். பீச் நிலையத்தில் இறங்கினால் எதிரே தலைமைத் தபால் அலுவலகம். அங்கிருந்து என் மேசைக்கு நடைதான்.

கூடுவாஞ்சேரியும் பார்த்தோம். அடுக்குமாடி வீடுகள் புதியவை, விலையும் வாடகையும் தாங்கக்கூடியவை. ஆனால் தாம்பரத்தைத் தாண்டியதும் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. தாம்பரத்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது சற்று நேரத்தில் வரும். கூடுவாஞ்சேரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. இரவு எட்டரைக்குப் பீச்சில் நிற்கிறவளுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அங்கே வீடு காட்டியவர் மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வரட்டும், வந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை, 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்ததை இந்த நகரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்று ஓடுகிற வண்டியை நம்பித்தான் நாளைக் காலை வேலைக்குப் போக முடியும்.

ஓடுகிற வண்டியும் நிற்கலாம். நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்று அறிவித்தது, 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப ஓடியது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், பீச்சுக்கு நேர் வண்டி இருக்கிறது என்பதற்காகவே வேளச்சேரியில் வீடு எடுத்தவள். அந்தக் காலம் முழுவதும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி வந்தாள். அதனால் இரண்டாவது வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். தாம்பரத்துக்கு இருக்கிறது. பராமரிப்புப் பணி என்று மின்சார ரயிலை நிறுத்துகிற நாட்களில், ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறி விமான நிலையம் வரை போனால், அங்கிருந்து உயர் நீதிமன்றம் வரை நேராக மெட்ரோ. செலவு அதிகம்தான், பீச்சுக்கு ரயில் டிக்கெட் 10 ரூபாய். ஆனாலும் வேலைக்குப் போய்ச் சேரலாம்.

மேற்குத் தாம்பரத்தில் வீடு பார்க்கும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்த வீட்டையும் முதலில் இரவில் பார்ப்பது. தரகர், நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று சொன்ன வீட்டுக்கு நான் இரவில் நடந்துபோனேன். பாலப் படிகளில் ஏறி இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து, சண்முகம் சாலையின் காய்கறிக் கூட்டத்தில் புகுந்து வெளிவரவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிறகு இரண்டு தெருக்கள். முதல் தெருவில் விளக்கும் கடைகளும் இருந்தன. இரண்டாவதில், சாக்கடை மூடியின் பாதி உடைந்து, யாரோ அதில் மரக்கிளை ஒன்றைச் செருகி அடையாளம் வைத்திருந்தார்கள். அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட்டேன்.

முடிச்சூர் பக்கம் வாடகை குறைவு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை மறக்க முடியுமா? அங்கே ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில், புதுச் சுண்ணாம்புக்கு அடியில், இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு நீளமாக ஓடியது. தரகர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இங்கே எடுக்காதீர்கள் அம்மா. தண்ணீர் வந்தால் ரயிலடிக்குக்கூடப் போக முடியாது" என்றார். மழையில் நான்கு நாள் அலுவலகம் போக முடியாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தால் என்ன?

கடைசியில் எடுத்த வீடு, முடிச்சூர் சாலையின் தொடக்கத்தை ஒட்டிய ஒரு மாடி வீடு. நிலையத்துக்கு நடக்கலாம். மழையென்றால் சாதாரணக் கட்டண பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன், பெண்களுக்கு 2021 முதல் அதில் டிக்கெட் கிடையாது. கணவரின் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வருகிறது. படப்பையில் பார்த்ததைவிட வாடகை 4,000 ரூபாய் கூடுதல். கிணறும் தென்னையும் இல்லை. மாடியில் மாமியார் வைத்திருக்கும் துளசித் தொட்டிகள்தான் தோட்டம். திருநின்றவூருக்கு மாதம் ஒரு முறை அவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறோம், போகிறோம்.

காலையில் உட்கார்ந்து போகிறேன். குரோம்பேட்டை தாண்டும்போது நிற்பவர்கள் நெருக்குகிறார்கள், சைதாப்பேட்டையில் மூச்சு முட்டுகிறது, ஆனால் என் மடியில் பை, கையில் புத்தகம். மாலையில் பீச்சிலேயே ஏறுவதால் அப்போதும் இடம் கிடைத்துவிடுகிறது. இரண்டு முனையும் புறப்படும் இடமாக அமைவது பாரிமுனையில் வேலை பார்ப்பவர்களுக்கே உள்ள வசதி. கிண்டியிலோ நுங்கம்பாக்கத்திலோ வேலை என்றால், திரும்பும்போது நிற்பதற்குத் தயாராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் ஷிஃப்ட் வாரங்களில் கணவர் ஐந்து மணிக்கெல்லாம் வந்து மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொள்கிறார். இரவு உணவும் அவர் பொறுப்பு. இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களுக்குத்தான் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. இப்போதைக்குக் கீழ் வீட்டுப் பாட்டி தம் பேரனோடு அவளையும் சேர்த்து அழைத்து வருகிறார். அடுத்த கல்வியாண்டில் நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி பார்க்க வேண்டும்; ஜனவரியிலேயே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுவார்களாம்.