மோடுக்கு விலை வைக்கப் போய் நான் பட்ட பாடு

நான் செய்த கேம் மோடை (ஒரு கேமுக்கு விளையாடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) விற்ற பணம் நேற்று வந்து சேர்ந்துவிட்டது. விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணினால் 5 மாதம் 12 நாள். இதில் உருப்படியான வேலை நடந்த நாட்கள் இரண்டு மாதம் தேறினால் அதிகம், மிச்சமெல்லாம் காத்துக் கிடந்தது, திருப்பி அனுப்பியதற்குக் காரணம் தேடியது, ஒரே கேள்விக்கு நாலு தடவை பதில் எழுதியது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சமாவது அலைச்சல் மிச்சமாகட்டும்.

எந்த கேம், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாக இருந்து கதைக்குள் உலாவி விளையாடும் வகை. அதற்கு நான் செய்த மோடில் ஒரு சிறு தீவு, அணைந்துபோன ஒரு கலங்கரை விளக்கம், போய்வர ஒரு துடுப்புப் படகு, நாலு மணி நேரம் ஓடும் கதை. இரண்டு வருடமாக இலவசமாகத்தான் இருந்தது. கிரியேட்டர் திட்டம் என்று ஒன்றைத் திறந்து, மோடுகளுக்கு விலை வைத்து எங்கள் கடையிலேயே விற்கலாம் என்று நிறுவனம் சொன்னதும், தீவைப் பெரிதாக்கி, கதாபாத்திரங்களுக்குக் குரல் சேர்த்து, விலைக்கு ஒரு பதிப்பு கொண்டுவரத் தீர்மானித்தேன். கணக்குத் திறந்தது, ஒப்பந்தம் போட்டது, அப்லோட் எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது.

முதல் சிக்கல் கடலோசையில் வந்தது. கரையில் நின்றால் கேட்கும் அலைச் சத்தம், இலவச ஒலிகள் தரும் ஒரு தளத்திலிருந்து எடுத்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்தானே, எடுத்தவர் பெயரைப் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தால் உரிமத்தின் கடைசியில் என்சி என்று இரண்டு எழுத்து இருக்கிறது. வணிகப் பயன்பாடு கூடாது என்று அர்த்தம். மோட் இலவசமாக இருந்தவரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, விலை என்று ஒன்று வந்த நிமிடமே அந்த ஒலி அதில் இருக்கக் கூடாது. கதையில் வரும் கடிதங்களுக்குப் போட்ட எழுத்துருவும் அப்படித்தான், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். இரண்டையும் மாற்ற இரண்டு நாள் போனது. இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் துடுப்பு. படகில் உட்கார்ந்து துடுப்பு போடும் அனிமேஷனை இன்னொரு மோடர் செய்து வைத்திருந்தார். "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவரே எழுதியிருந்ததை நம்பித்தான் எடுத்தேன், இலவசப் பதிப்பில் அவர் பெயரும் இருக்கிறது. இப்போது விலைக்குப் போகிறது, ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தேடினால் ஆள் மூன்று வருடமாக அந்தப் பக்கமே வரவில்லை. பழைய கூட்டாளிகள் இரண்டு பேரைப் பிடித்து, அவர்கள் மூலமாக அவரைக் கண்டுபிடிக்க 16 நாள் ஆனது. பதில் மரியாதையாகத்தான் வந்தது, ஆனால் முடியாது என்று வந்தது. இலவசமாகப் பகிர்பவர்களுக்காகக் கொடுத்தது, விற்கப்படும் எதிலும் அது இருக்க வேண்டாம் என்றார். பங்கு தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். வருத்தமாக இருந்தது, கோபம் வரவில்லை. அவர் உழைப்பு, அவர் சொல்வதுதான் சரி.

2015 ஞாபகம் வந்தது. அந்த வருடம் ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்தும் வால்வும், ஸ்கைரிம் கேமைச் செய்த பெதஸ்டாவும் சேர்ந்து, ஸ்டீமில் மோடுகளுக்கான இடமான வொர்க்ஷாப்பில் ஸ்கைரிம் மோடுகளை விற்க வழி திறந்தார்கள். மோட் செய்தவருக்கு 25 சதவீதம், மிச்சம் 75 அவர்கள் இருவருக்கும். அந்தப் பங்கும் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும், அதாவது 400 டாலருக்கு விற்றிருக்க வேண்டும். முதலில் விற்பனைக்கு வந்தவற்றில் ஒரு மீன்பிடி மோட், வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அனிமேஷன் வேலையைச் சார்ந்திருந்தது. அவர் எதிர்த்தார், மோடை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 4 நாள் கழித்து, 27 ஆம் தேதி, திட்டத்தையே மூடி வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். அன்று எல்லோரும் 25 சதவீதத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அதைவிட முக்கியமானது அந்த மீன்பிடி மோட் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. மோட் உலகம் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று கட்டியது, விலை வந்தவுடன் கீழே நிற்பவர் யார் யார் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டாக வேண்டும்.

சரி, துடுப்பை நானே செய்தேன். 19 நாள். கேட்க எளிதாக இருக்கும், இரண்டு கை, ஒரு கட்டை, முன்னும் பின்னும். ஆனால் துடுப்பு தண்ணீரில் இறங்கும் இடத்தில், சரியாக 14 ஆவது ஃப்ரேமில், இடது கை மணிக்கட்டு கட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். கையைத் தள்ளினால் தோள்பட்டை பிதுங்கும், தோளைச் சரிசெய்தால் ஆள் படகின் பலகையிலிருந்து விரற்கடை உயரத்தில் மிதப்பார். கடைசியில் ஒரு நிஜத் துடைப்பக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து என்னையே வீடியோ எடுத்துப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது துடுப்பை இழுக்கும்போது மணிக்கட்டு மடங்குவதில்லை, முழங்கைதான் வெளியே போகிறது என்று. முழங்கையைத் திருப்பியதும் மற்றது எல்லாம் தானாக உட்கார்ந்தது. அந்த இரவு படகை ஐம்பது தடவையாவது தீவைச் சுற்றி ஓட்டியிருப்பேன்.

அப்புறம் பரிசீலனை. இங்கேதான் எனக்குப் பொறுமை போனது. சமர்ப்பித்து 9 நாள் கழித்து நிராகரிப்பு வந்தது, காரணம் ஒரே வரி: "மூன்றாம் தரப்பு உள்ளடக்கம் கண்டறியப்பட்டது." எந்த ஃபைல், எந்த இடம், ஒன்றும் கிடையாது. நான் கேட்டேன். வழிகாட்டுதல்களைப் படியுங்கள் என்று பதில், கூடவே அந்தப் பக்கத்தின் இணைப்பு. ஃபைல் பெயரை மட்டும் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டேன், அதே பதில் எழுத்துப் பிசகாமல் வந்தது. துடுப்புதான் உறுத்துகிறதோ என்று அது என் சொந்த வேலை என்பதற்கு வேலை நடந்த கோப்புகள், அந்த வீடியோ எல்லாம் இணைத்து மறுபடி சமர்ப்பித்தேன். இன்னொரு 9 நாள், அதே வரி.

மூன்றாவது தடவை அவர்களை நம்பாமல் நானே மோடைப் பிரித்துப் போட்டேன். உள்ளே 1,100க்கு மேல் ஃபைல்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுசு போதாது. தேதி வாரியாக அடுக்கினேன். நான் இந்த மோடைத் தொடங்கிய நாளுக்கும் முந்தைய தேதியில் ஒரே ஒரு ஃபைல் மேலே வந்து நின்றது: படகுத்துறைக் கயிற்றின் டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படம். ஆரம்பத்தில் அளவு பார்ப்பதற்காக வேறொரு கேமிலிருந்து எடுத்து வைத்தது, பிறகு என் கயிற்றை வரைந்து மாற்றிவிட்டேன். ஆனால் பழையதை அழிக்கவில்லை. திரையில் எங்கேயும் தெரியாது, எந்தப் பொருளும் அதைப் பயன்படுத்தவில்லை, சும்மா பெட்டிக்குள் கிடந்தது. அழித்துவிட்டு அனுப்பினேன், 9 ஆவது நாள் ஒப்புதல் வந்துவிட்டது. கயிறு என்று அவர்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்கு 9 நாள் மிச்சமாகியிருக்கும். நீங்கள் சமர்ப்பிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: பயன்படாத ஃபைல்களைத் துடைத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, யார் அனுமதி, எந்தத் தேதி என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்கும்போது "விலைக்கு விற்கப் போகிறேன்" என்ற சொற்களை அப்படியே எழுதிக் கேளுங்கள், "பயன்படுத்தலாமா" என்று மட்டும் கேட்டு வாங்கிய சம்மதம் இந்த இடத்தில் உதவாது.

விலை வைக்கும் கட்டத்தில் ஒரு உறுத்தல். கடையில் பணத்தில் விலை போட முடியாது, அவர்களுடைய புள்ளிகளில்தான் போட வேண்டும். ரோப்ளாக்ஸில் ரோபக்ஸ், மைன்கிராஃப்டில் மைன்காயின் மாதிரி. விளையாடுபவர் முதலில் புள்ளிப் பொட்டலம் வாங்குவார், என் மோடுக்குக் கொடுத்தது போகக் கொஞ்சம் புள்ளி கணக்கில் தொங்கும், எதற்கும் போதாமல். ஒருவர் எவ்வளவு செலவழிக்கிறார் என்று அவருக்கே தெரியாத மாதிரி விற்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னால் முடிந்தது, விளக்கத்தின் முதல் வரியிலேயே இது உண்மைப் பணத்தில் தோராயமாக எவ்வளவு என்று எழுதியதுதான். இரண்டு வாரம் கழித்து அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சமாதானம் இல்லை.

இலவசப் பதிப்பை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டார்கள், சிலர் திட்டினார்கள். அதை எடுக்கவில்லை. இரண்டு வருடம் விளையாடியவர்களின் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலில் அந்தத் தீவு இருக்கிறது, பிழைகளைத் தேடிச் சொன்னவர்களும் அவர்கள்தான், அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வராது. அதனால் விற்பனை குறைந்திருக்கும், குறையட்டும்.

வெளியான 11 ஆவது நாள் கேமுக்குப் பேட்ச், அதாவது நிறுவனத்தின் புதுப்பிப்பு, வந்தது. படகு நின்றுவிட்டது. ஏறி உட்காரலாம், துடுப்பு அசையும், படகு மட்டும் நகராது. ஒருவர் தீவில் மாட்டிக்கொண்டு திரும்ப வழியில்லாமல் 40 மணி நேர சேவ் ஃபைலோடு உட்கார்ந்திருப்பதாக எழுதினார். இலவசமாக இருந்த காலத்தில் இப்படி ஆனால் "மெதுவாகப் பாருங்கள், அவசரமில்லை" என்பார்கள். இப்போது "எப்போது சரியாகும்?" என்று கேட்டார்கள், கேட்பது நியாயம், காசு கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் தூங்காமல் சரிசெய்தேன், ஆனால் திருத்தத்தையும் பரிசீலனைக்கு அனுப்பித்தான் வெளியிட வேண்டுமாம், அது 4 நாள். அந்த ஒரு வாரத்தில் 31 பேர் ரீஃபண்ட் வாங்கினார்கள், அத்தனையும் என் பங்கில் கழிந்தது. இலவச மோடாக இருந்தால் திருத்தம் அன்றைக்கே போயிருக்கும். பேட்ச் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்தால் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் பணம். அமெரிக்க நிறுவனம் என்பதால் வெளிநாட்டவர்கள் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கொடுக்க வேண்டும். அதில் வெளிநாட்டு வரி எண் என்று ஒரு கட்டம். எனக்கில்லை என்று காலியாக விட்டேன். அங்கே எழுத வேண்டியது நம் சொந்த நாட்டு வரி எண். உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் குறைந்த விகிதம் கேட்கலாம், ஆனால் எண் இல்லாமல் கேட்க முடியாது, 30 சதவீதம் பிடிப்பார்கள். கடைக் கணக்கின் டாஷ்போர்டில் தொகையைப் பார்த்துத் தலை சுற்றிய பிறகுதான் அந்தக் கட்டம் கண்ணில் பட்டது. நல்லவேளை, பணம் அனுப்புவதற்கு முன்னால் திருத்த முடிந்தது. இன்னொன்று, அந்தப் படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்றாவது வருடக் கடைசி வரைதான் செல்லும், அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் பணம் வங்கிவரை போய்த் திரும்பியது. வங்கிக் கணக்கில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால், டாஷ்போர்டில் பின்னால். திரும்பி வந்ததற்கு ஒரு கட்டணம் வேறு. சப்போர்ட்டுக்கு எழுதினால் "விவரங்களைச் சரிபாருங்கள்" என்று பதில், 7 நாளில் புகார் தானாக மூடிக்கொள்ளும், திறந்தால் புது ஆள், முதலிலிருந்து கதை. இப்படி நாலு தடவை. ஐந்தாவது தடவை விளக்கமே எழுதவில்லை, வங்கி அறிக்கையின் மேல்பகுதியைப் பெயர் தெரிகிற மாதிரி படமெடுத்து, டாஷ்போர்டுப் பெயரின் படத்தையும் பக்கத்தில் வைத்து, "இதை அதுபோல மாற்றுங்கள்" என்று ஒரே வரி. மறுநாளே மாற்றிவிட்டார்கள். நீங்கள் முதல் தடவையே படத்தை அனுப்பிவிடுங்கள்.

நேற்று பணம் வந்ததும் முதல் வேலையாகக் குரல் கொடுத்த மூவருக்கும் பேசிய பங்கை அனுப்பினேன். தீவில் மாட்டிக்கொண்டவர் ரீஃபண்ட் கேட்கவே இல்லை. திருத்தம் வந்த இரவே எழுதியிருந்தார், படகு நகர்ந்தது, கரைக்கு வந்துவிட்டேன் என்று.