சான்றிதழ் கையில், கிரெடிட் மார்க்‌ஷீட்டில் இல்லை: ஸ்வயம் பாடத்தில் நாங்கள் பட்ட பாடு

சான்றிதழ் வந்து ஏழு வாரம் கழித்துத்தான் அதற்கான கிரெடிட் (பட்டம் முடிக்கக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) மார்க்‌ஷீட்டில் ஏறியது. எம்.எஸ்சி. மாணவர்கள் 38 பேர், விருப்பப் பாடத்துக்குப் பதிலாக, மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் 12 வார என்பிடெல் (ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் திட்டம்) பாடம் ஒன்றை எடுத்தார்கள். வாராவாரம் அசைன்மென்ட், மையத்துக்கு நேரில் போய் எழுதிய தேர்வு, கியூஆர் கோடு போட்ட சான்றிதழ் எல்லாம் முறையாக முடிந்தன. கோப்பு எங்கள் தேர்வுப் பிரிவுக்குப் போனதும் திரும்பி வந்துவிட்டது. தப்பு மாணவர்களிடமும் இல்லை, ஸ்வயத்திலும் இல்லை. அந்தப் பாடத்தை ஏற்பதாகப் பருவம் தொடங்குமுன் கல்விக்குழுவில் நாங்கள் போட்ட தீர்மானம் ஓட்டை. தன்னாட்சிக் கல்லூரியில் ஒருங்கிணைப்பாளராக இருப்பவர்களுக்கு இது உதவட்டும் என்று எழுதுகிறேன். பதிவு செய்வது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

முதல் ஓட்டை, கிரெடிட் எண்ணிக்கை. “சான்றிதழில் உள்ளபடி கிரெடிட் வழங்கப்படும்” என்று தீர்மானத்தில் எழுதியிருந்தோம். பாதுகாப்பான வாசகம் என்று நினைத்தோம். சான்றிதழை எடுத்துப் பார்த்தால், பரிந்துரைக்கப்படும் கிரெடிட் “3 அல்லது 4” என்று அச்சாகியிருக்கிறது. மூன்றா, நான்கா என்று முடிவெடுக்க வேண்டியது கல்லூரி. எங்கள் பாடத்திட்டத்தில் அந்த விருப்பப் பாடத்துக்கு 4 கிரெடிட். பொதுவாக 12 வாரத்துக்கு 3, 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1 என்று கொள்வது வழக்கம். 3 போட்டால் மாணவருக்குப் பட்டம் முடிக்க ஒரு கிரெடிட் குறையும். 4 போட்டால் எந்த அதிகாரத்தில் போட்டீர்கள் என்று தணிக்கையில் கேட்பார்கள். தேர்வுப் பிரிவு மென்பொருளில் அந்தக் கட்டத்துக்குள் ஒரு எண்தான் போகும். அவர்கள் திருப்பி அனுப்பியது நியாயம்தான்.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. பழைய தீர்மானத்தை எடுத்து, தேதியை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்திருந்தோம். அதில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2016 விதிமுறைதான் இருந்தது. அதன்படி ஒரு பருவத்தில் 20 விழுக்காடு வரைதான் ஸ்வயம் பாடம். 2021 விதிமுறை அதை 40 விழுக்காடாக உயர்த்திவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பருவத்துக்கு 22 கிரெடிட் என்றால் 20 விழுக்காடு 4.4, அதாவது 4 கிரெடிட் பாடம் ஒன்று மட்டும். 40 விழுக்காடு 8.8, அப்போது இரண்டு எடுக்கலாம். எங்கள் மாணவர்களில் ஒன்பது பேர் அந்தப் பாடத்தோடு இன்னொன்றும் சேர்த்து இரண்டு எடுத்திருந்தார்கள். யுஜிசி விதிப்படி அது சரி, எங்கள் தீர்மானப்படி தவறு. விதிமுறையின் ஆண்டைத் தீர்மானத்தில் கட்டாயம் எழுதுங்கள், பழைய ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று இரண்டு பேர் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, தேர்ச்சி மதிப்பெண். என்பிடெலில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியே எட்டினால்தான் சான்றிதழ். ஆக, குறைந்தபட்சமாக 40 வாங்கியவருக்கும் சான்றிதழ் உண்டு. எங்கள் முதுநிலைப் படிப்பில் தேர்ச்சிக்கு 50 வேண்டும். 46 வாங்கிய மாணவி சான்றிதழோடு வந்து நிற்கிறார். எங்கள் விதிப்படி அவர் தேர்ச்சி இல்லை. இப்படி ஆறு பேர். சான்றிதழ் இருந்தால் தேர்ச்சி என்று வைப்பதா, கல்லூரியின் 50ஐப் பிடிப்பதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுத வேண்டும். பாடம் முடிந்தபின் முடிவெடுத்தால் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அநியாயம் என்றுதான் படும். என் கருத்து: வெளியே நேரில் எழுதி வென்ற தேர்வு, சான்றிதழை மதியுங்கள். ஆனால் அது முதல் நாளே மாணவருக்கு எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

பாடக் குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன். என்ஓசி என்று தொடங்கி ஆண்டு, துறை, வரிசை எண் வரும் அந்தக் குறியீடு பருவத்துக்குப் பருவம் மாறும். நாங்கள் போட்டது முந்தைய ஆண்டின் குறியீடு. அதே பாடம், அதே பேராசிரியர், இருந்தாலும் சான்றிதழில் வேறு குறியீடு. ஒரு நாள் அதற்கே போனது.

இதையெல்லாம் திருத்தித் துணைத் தீர்மானம் போட்டு, பல்கலைக்கழக ஒப்புதலுக்குக் கொண்டுபோனோம். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தவர் கவரிங் லெட்டரைப் பார்த்தார், தீர்மான நகலைப் பார்த்தார், “போர்டு மினிட்ஸ் எங்க சார்?” என்றார். துறையின் பாடத்திட்டக் குழு முதலில் பரிந்துரைத்து, அதன்பிறகு கல்விக்குழு ஏற்றது என்பதற்கான மினிட்ஸ், வெளி உறுப்பினர் கையெழுத்தோடு வேண்டுமாம். மின்னஞ்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, முதல்வர் சான்றொப்பமிட்ட நகல்தான் வாங்குவோம் என்றார். இன்னொரு நாள், இன்னொரு பயணம். இரண்டாம் தடவை எல்லாம் இருந்தது, பத்து நிமிடத்தில் தபால் எண் போட்டு வாங்கிக்கொண்டார்கள். போகும்போது இவற்றைச் சேர்த்து எடுத்துப் போங்கள்: பாடத்திட்டக் குழு மினிட்ஸ், கல்விக்குழு மினிட்ஸ், வாரம் வாரியான ஒப்பீட்டு அட்டவணை, மாணவர் பட்டியல். நான்கிலும் ஒவ்வொரு பக்கத்திலும் சீல். முதல் பக்கத்தில் மட்டும் சீல் வைத்து எடுத்துப்போய்த் திரும்பியவர்களையும் அங்கேயே பார்த்தேன்.

அந்த ஒப்பீட்டு அட்டவணைதான் தர உறுதிப்பாட்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பல கல்லூரிகளில் பாடத்தின் தலைப்பு ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். தலைப்பை நம்பாதீர்கள். இடப்பக்கம் நம் பாடத்தின் ஐந்து அலகுகள், வலப்பக்கம் ஸ்வயம் பாடத்தின் 12 வாரங்கள் என்று எழுதி, ஒவ்வொரு தலைப்பும் எந்த வாரத்தில் வருகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். எங்களுக்கு நாலாம் அலகு முழுக்க எந்த வாரத்திலும் இல்லை. அந்த அலகுக்கு மட்டும் எட்டு மணி நேரம் வகுப்பு எடுத்து, தனியாக ஒரு தேர்வு வைத்தோம். இணையமும் வகுப்பறையும் சேர்ந்த கலப்பு முறை என்பதற்கு அதுதானே பொருள்? இல்லாத பகுதியை நாம் நிரப்ப வேண்டும். அட்டவணையில் “வகுப்பறையில் நடத்தப்பட்டது” என்று தேதியோடு குறித்ததால், கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி கேட்டபோது உடனே காட்ட முடிந்தது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் முந்தைய பருவத்தின் கலந்துரையாடல் பகுதியையும் திறந்து பாருங்கள். ஸ்வயம் பாடத்துக்கு நான்கு கூறுகள்: காணொளி, படிக்கும் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு. முதல் இரண்டும் எல்லாப் பாடத்திலும் ஓரளவு நன்றாகவே இருக்கும். தரம் தெரிவது மூன்றாவதில். கேள்வி கேட்டு ஒரு வாரமாகியும் பதில் இல்லாத பாடமென்றால், மாணவர்களின் சந்தேகம் முழுவதும் நம் துறையின் வழிகாட்டி ஆசிரியர் தலையில்தான் விழும். அவருக்கு அதற்கான வேலைநேரம் கால அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி அசைன்மென்ட். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டின் சராசரிதான் அந்த 25க்குப் போகும். விடைகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் பட்டியலில் ஒரு மாணவர் அசைன்மென்டில் 24.5, தேர்வில் 29. கூட்டினால் 53.5. ஆனாலும் சான்றிதழ் இல்லை, ஏனென்றால் தேர்வில் 30ஐ எட்டவில்லை. 38 பேரில் சான்றிதழ் வாங்காத ஏழு பேரில் ஐந்து பேருக்கு அசைன்மென்ட் 22க்கு மேல்! காணொளியைத் திறக்காமலே விடையை மட்டும் குறித்துவிட்டு வந்தார்கள். இதைப் பருவத்தின் நடுவிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. வாரம் ஒரு நாள் 40 நிமிடம் ஒதுக்கி, அந்த வார அசைன்மென்டிலிருந்து ஐந்து கேள்விகளை எண்களை மாற்றிக் கொடுத்து, தாளில் எழுதச் சொல்லுங்கள். அசைன்மென்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்கி, இங்கே ஐந்தில் ஒன்று கூடப் போடாதவர் யார் என்று மூன்றாவது வாரமே தெரிந்துவிடும். அவரை அப்போதே கூப்பிட்டுப் பேசினால் காப்பாற்றலாம். அடுத்த பருவத்தில் இப்படிச் செய்தோம், 35 பேரில் இரண்டு பேர்தான் தவறினார்கள்.

தவறியவர்களுக்கு என்ன வழி என்பதும் தீர்மானத்தில் இருந்தாக வேண்டும். அதே பாடம் அடுத்த பருவத்தில் நடக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. எங்கள் ஏழு பேரையும் கல்லூரியின் மூல விருப்பப் பாடத்தில் அரியராக எழுத வைக்க வேண்டியதாயிற்று. பாடமே நடத்தாத தாளுக்கு அரியர் என்றால் அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? இரண்டு ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் வந்து நடத்திக் கொடுத்தார்கள். இறுதிப் பருவ மாணவர்களுக்கு ஸ்வயம் பாடத்தை அனுமதிக்கவே வேண்டாம் என்பேன். முடிவு வரத் தாமதமானால் புரொவிஷனல் சான்றிதழ் நிற்கும், வேலைக்கான ஆர்டர் கையில் இருப்பவர்கள் தவித்துப்போவார்கள்.

பெயரில் வந்த வினை தனி. தேர்வுப் படிவத்தில் அடித்த பெயர்தான் சான்றிதழில் அச்சாகும், படிவம் மூடிய பின் மாற்ற முடியாது. நம் ஊர் இனிஷியல் வழக்கம் இதில் பெரிய தொல்லை. கல்லூரிப் பதிவேட்டில் “செல்வி ரா”, ஆதாரில் அப்பா பெயர் விரிந்து “செல்வி ராமசாமி”, படிவத்தில் வெறும் “செல்வி” என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று பேர் என்றே தேர்வுப் பிரிவு எடுத்துக்கொள்ளும். மாணவரின் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் ஏபிசி கணக்குக்கான 12 இலக்க எண்ணை டிஜிலாக்கர் வழியாக எடுக்கும்போது ஆதாரில் உள்ள பெயர்தான் வரும். ஆகவே ஆதார்ப் பெயரையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்களிடம் நான்கு பேருக்கு ஒரே ஆள்தான் என்று முதல்வர் கையெழுத்தில் சான்று கொடுத்த பிறகுதான் கிரெடிட் ஏறியது.

பாடத்தில் சேர்வதற்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்குத் தனியாகப் பதிந்து 1,000 ரூபாய் கட்ட வேண்டும். சேர்ந்ததையே தேர்வுப் பதிவு என்று நினைத்து மூன்று பேர் இருந்துவிட்டார்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் பட்டியலைச் சரிபார்த்ததால் பிழைத்தார்கள். படிவத்தில் கல்லூரிப் பெயரையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் கல்லூரிக்கு வரும் முடிவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. தேர்வு பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். தேதி பாடத்தின் பக்கத்திலேயே முதல் நாளிலிருந்து இருக்கிறது. அதைப் பார்க்காமல் எங்கள் கல்லூரி அதே சனிக்கிழமை செய்முறைத் தேர்வு வைத்துவிட்டது. செய்முறையை மாற்றச் சொல்லி மன்றாட வேண்டியதாயிற்று.

இன்னொரு குழப்பம். ஸ்வயத்தில் உள்ள எல்லாப் பாடமும் என்பிடெல் பாடம் அல்ல. தேசியத் தேர்வு முகமையான என்டிஏ தேர்வு நடத்தும் பாடங்களில் உள்மதிப்பீடு 30, இறுதித் தேர்வு 70. இரண்டுக்கும் மதிப்பெண்ணை மாற்றிக் கணக்கிட ஒரே அட்டவணை போட்டால் மதிப்பெண் தப்பாகும். பக்கத்துத் துறையில் அப்படித்தான் ஆகி, அச்சடித்த மார்க்‌ஷீட்டைத் திரும்ப வாங்கினார்கள்.

இப்போது நாங்கள் போடும் தீர்மானம் இப்படி இருக்கிறது: “இந்தப் பருவம், இந்தக் குறியீடுள்ள, இத்தனை வார ஸ்வயம் பாடம், எங்கள் இந்த விருப்பப் பாடத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது. 4 கிரெடிட். யுஜிசி 2021 விதிமுறைப்படி பருவ கிரெடிட்டில் 40 விழுக்காட்டுக்குள். சான்றிதழ் பெற்றவர் தேர்ச்சி பெற்றவராகக் கொள்ளப்படுவார், மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி. ஒப்பீட்டு அட்டவணையில் விடுபட்ட பகுதி வகுப்பறையில் நடத்தப்படும். சான்றிதழ் பெறாதவர் மூல விருப்பப் பாடத்தை அடுத்த பருவத்தில் எழுதுவார், அதற்கு 30 மணி நேர வகுப்பு உண்டு.” மாணவர் இதன் நகலில் கையெழுத்திட்டுத் தேதி போட்ட பிறகே சேர அனுமதிக்கிறோம். சென்ற பருவக் கோப்பு தேர்வுப் பிரிவுக்குப் போன மூன்றாம் நாள் கிரெடிட் ஏறிவிட்டது. வரும் பருவத்துக்கான பாடத்திட்டக் குழு கூட்டத்தை, பாடப் பட்டியல் வெளியான பத்து நாளுக்குள் வைக்கக் கேட்டிருக்கிறோம். வெளி உறுப்பினருக்கு அட்டவணை முன்னமே போய்விட்டது.