ராகு எந்த ஊர்க் கடிகாரம் பார்க்கிறார்?

"சாமி இல்லாம எப்படிங்க இருக்கீங்க?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். காலையில் பால் வாங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வேலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி ஒருதடவைகூடக் குறுக்கே வருவதில்லை. குறுக்கே வருவதெல்லாம் தினசரி காலண்டர்தான். நல்ல நேரம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று உள்ளங்கை அகலத் தாளில் அத்தனை தடை உத்தரவு. "சூலம்: மேற்கு, பரிகாரம்: வெல்லம்" என்று போட்டிருக்கும். தடையும் அவர்களே, ஒரு துண்டு வெல்லத்தில் விலக்கும் அவர்களே.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ராகு காலம். ஏனென்றால் அதில் கணக்கு இருக்கிறது, கணக்கு இருந்தால் கேள்வி கேட்கலாம். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரைக்கும் உள்ள நேரத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்குகிறார்கள். "திருவிழா சந்தையில் வெளியே புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்போமே, அந்த வரிசைதான்: திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12 என்று ஒன்றரை ஒன்றரை மணி நேரமாக நகரும். காலை 6 மணிக்கு உதயம், மாலை 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. சூரியன் அப்படி அட்டெண்டன்ஸ் போடுவதில்லை. சென்னையிலேயே ஜூன் மாதப் பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு சுமார் 97 நிமிடம், டிசம்பரில் சுமார் 85.

இன்னொன்று. 1906 ஜனவரி 1 அன்று இந்தியாவுக்குப் பொதுவான நேரம் வந்தது. அதற்கு முன் மதராஸ் நேரம் என்று தனியாக ஒன்று இருந்தது, இன்றைய நேரத்தைவிட சுமார் 9 நிமிடம் பின்னால். வெள்ளைக்கார அரசாங்கம் முள்ளை 9 நிமிடம் முன்னே தள்ளி வைத்ததும் சுவரில் எழுதிய 7.30-ம் அதோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. ராகுவுக்குச் சுற்றறிக்கை போயிருக்குமா என்று தெரியவில்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை இலங்கையில் நடந்தது. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தது, அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரமே. அதாவது சமாதான காலத்தில் ஓமந்தை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் வவுனியாவில் மணி 9 என்றால், அந்தப் பக்கம் 8.30. சுவர்க் காலண்டரை நம்பி ஒருவர் திங்கட்கிழமை காலை ராகு காலம் முடிந்தது என்று வவுனியாவில் புறப்பட்டுச் சாவடியைக் கடந்தால், இன்னும் மிச்சமிருக்கும் ராகு காலத்துக்குள் போய் விழுவார்!

"அதெல்லாம் உதயத்தை வச்சுத் துல்லியமா கணக்குப் போடணும்" என்பார்கள். சரி, போடலாம். அந்தக் கணக்குப்படி லண்டனில் ஜூன் மாத ராகு காலம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல், டிசம்பரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. நார்வேயின் வடகோடி மீன்பிடி ஊர்களில் ஈழத்தமிழர்கள் போய்க் குடியிருந்திருக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. உதயமே இல்லையென்றால் எட்டாகப் பிரிக்க என்ன இருக்கிறது? மனிதன் ராகுவிடமிருந்து தப்பிக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது.

ராகு என்பது ஒரு கிரகமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்திரனின் பாதை, சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் புள்ளி அது, அங்கே கல்லும் இல்லை மண்ணும் இல்லை. கிரகணம் என்பது நிழல்தான் என்று ஆரியபட்டர் 499-லேயே எழுதிவிட்டார். நம் பஞ்சாங்கக்காரர்களும் கிரகணத்தைக் கணக்குப் போட்டுத்தான் அச்சடிக்கிறார்கள், பாம்பிடம் கேட்டு அல்ல.

சனிப்பெயர்ச்சி கதை தெரியுமல்லவா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரியிலேயே சனி கும்பத்துக்குப் போய்விட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே வருடம் டிசம்பர் 20, திருநள்ளாறில் கூட்டம் கூடியதும் அன்றுதான். அடுத்ததும் அப்படியே: ஒரு பஞ்சாங்கத்துக்கு 2025 மார்ச், இன்னொன்றுக்கு 2026. வானத்தில் இருப்பது ஒரே சனி. தொலைநோக்கியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏழரை முடிந்துவிட்டது என்று ஒரு சேனலிலும் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று மறு சேனலிலும் கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தேதிக்கும் எள் விளக்கு ஏற்றுகிறவர்களை எனக்கே தெரியும்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் எல்லா இடத்திலும் முடிவதில்லை. உறவில் ஒரு பெண்ணுக்கு சிசேரியன்தான் என்று டாக்டர் சொன்னார், அதற்கான மருத்துவக் காரணம் சரியானதே. தேதியை மட்டும் ஜோசியர் குறித்தார். 37 வாரம் முடிந்த கையோடு நல்ல நட்சத்திரம், லக்னம் பிரமாதம், தள்ளிப்போனால் இப்படி அமையாது. அவசரம் ஏதும் இல்லாவிட்டால் 39 வாரம் வரை பொறுக்கச் சொல்வது மகப்பேறு மருத்துவத்தில் பொது விதி, ஏனென்றால் முன்கூட்டியே எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். அந்த ஆஸ்பத்திரியில் இதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வரவேற்பில் இருந்த பெண் "நேரம் குறிச்சாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள், சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்கிற தோரணையில். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது. ஜாதகத்தில் ஆயுள் பலம் அமோகம் என்று எழுதியிருக்கிறார்கள். பிறந்ததும் சில நாள் ஆக்சிஜனில் கிடந்தது எந்தக் கட்டத்திலும் இல்லை.

இந்த மாதிரி இடத்தில் நான் வாயை மூடுவதில்லை. மற்றபடி அம்மாவிடம் சண்டைக்குப் போவதும் இல்லை. தினமும் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் மளிகைக் கணக்கு எழுதுவார், எனக்கு அந்தப் பின்பக்கம் போதும். என் கறுப்புச்சட்டை நண்பர்கள் வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் வைப்பார்கள். தாலியோ ஐயரோ இல்லாத கல்யாணம் செல்லாது என்று நீதிமன்றமே சொன்ன காலமும் இருந்தது, 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டம் வந்த பிறகுதான் சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, அந்தக் காலத்தில் சீண்டித்தான் ஆகவேண்டும். இன்று எனக்குத் தோன்றுவது என்னவோ, ராகு காலம் பார்த்துத் தேதி வைப்பதும் காலண்டர் பார்ப்பதுதானே! மண்டபம் எப்போது காலி, வாடகை எப்போது குறைவு, வெளியூர்க்காரர்களுக்கு எந்த ரயில், இதைப் பார்த்தால் போதாதா.

நாங்கள் வீட்டுப் பத்திரப் பதிவுக்கு அப்படித்தான் போனோம். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் அறிவிக்கும் ஊர் இது, அத்தனை நெரிசல். நாங்கள் பிடித்ததோ தேய்பிறைச் செவ்வாய், மதியம் 3 மணிக்கு மேல். பெஞ்சு காலி. கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டோம். சித்திக்கு விஷயம் தெரிந்து போனில் ஒரு பாட்டம் திட்டினார்.

அடுத்த கோடையில் எங்கள் போர் மோட்டார் காயில் கருகிவிட்டது. சித்தி காத்துக்கொண்டிருந்தது மாதிரி, "அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். அந்த மாதம் தெருவில் லோ வோல்டேஜ், எதிர் வீட்டிலும் அதே வாரம் மோட்டார் போனது, அவர்கள் கணபதி ஹோமம் செய்து, பசுமாட்டை முதலில் உள்ளே விட்டு, வளர்பிறை முகூர்த்தத்தில் பால் காய்ச்சியவர்கள் என்று எடுத்துச் சொன்னேன். சித்தி கொஞ்சம் யோசித்தார்.

"உங்க வீட்டுக்கு எதிர்ல இருந்தா அவங்களுக்கும் அப்படித்தான் ஆகும்" என்றார்.