ஏற்காட்டில் மேகம், சேலத்தில் வானம்

நம் பள்ளி பிசிக்ஸ் சார் மறைந்த பிறகு வரும் முதல் பழைய மாணவர் சங்க மலர் இது. அவருடைய பிரம்பு, சைக்கிள், ரெக்கார்டு நோட்டில் போடும் சிவப்பு மைச் சுழிப்பு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் 1986 ஏப்ரலை எழுதுகிறேன்.

ஹாலி வால்நட்சத்திரம் அந்த மாதம் 11ஆம் தேதி பூமிக்கு அருகில் வந்தது. ப்ளஸ் ஒன்னில் எங்கள் சிலரை சார் இரவில் பள்ளி மொட்டைமாடிக்கு வரச் சொன்னார். ஏற்காட்டுப் பையன்கள் இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டுமே என்று டார்ச் லைட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். தெற்கே ஜருகுமலைக்கு மேல், சுண்ணாம்பை விரலால் தொட்டு வைத்த மாதிரி ஒரு மங்கல். பக்கத்து நட்சத்திரங்களோடு அதை கிராஃப் தாளில் குறித்தோம். நேரம் எழுதாத தாளை சார் கையில் வாங்கவே மாட்டார். மலையில் மூடுபனி இறங்கிய இரவுக்கு எங்கள் தாள், சேலத்தில் மேகம் போட்ட இரவுக்கு அவர்கள் தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அது போன பாதை தெரிந்தது. “ஒரு ஊரு பத்தாதுடா” என்றார்.

சூரியனைச் சுற்றும் பாறைகளான சிறுகோள்கள் பூமிப் பக்கம் வருகின்றனவா என்று தேடும் அட்லஸ் தொலைநோக்கிகள் இன்று செய்வதும் இதைத்தான். ஹவாயில் இருந்த இரண்டோடு 2022இல் சிலியும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்தன. வானத்தின் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து, நகரும் புள்ளியைப் பிடிக்கிறார்கள். ஓரிடத்தில் விடிந்தால் இன்னோரிடம் தொடர்கிறது. 2024 டிசம்பர் 27இல் சிலியில் தென்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள், 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு ஒரு கட்டத்தில் 3 சதவீதத்தைத் தொட்டது. விழக்கூடிய பட்டையில் தெற்காசியாவும் இருந்தது. நான் இப்போது வாழும் சிட்னியில் அதைப் படித்தபோது எனக்குச் சேலம்தான் கண்ணில் நின்றது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் விடாமல் பார்த்துப் பாதையைத் திருத்திய பிறகே பயம் விலகியது.

1988 பிப்ரவரியில் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் குழுவினர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். 1885இல் சென்னையில் போக்சன் என்ற வானியலாளர் ஒன்றைக் கண்டு நூறாண்டுக்கும் மேல் கழித்து, இந்தியாவிலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது. ராமானுஜன் பெயரை வைத்தார்கள். நான் அப்போது கல்லூரியில். சார் வீடு தேடி வந்து, “நீ காவலூருக்குப் போகணும், பஸ் ஏறினா போற தூரம்தான்” என்றார். நான் கம்ப்யூட்டர் வேலைக்கு விமானம் ஏறினேன். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், “அங்கே தெற்கு வானம் எப்படிடா இருக்கு?” என்று ஆசையாகக் கேட்பார். நகரத்து வெளிச்சத்தில் வாழும் என்னிடம் அவருக்குத் தகுந்த பதில் இருக்காது. அது இப்போதும் உறுத்துகிறது.

சார் பெயரில் சங்கம் ஏதாவது செய்ய வேண்டும். ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுக்கும் படங்களைப் பள்ளிப் பிள்ளைகளே கணினியில் அலசிச் சிறுகோள் தேடும் திட்டம் ஒன்று உண்டு. இந்தியப் பள்ளிகளும் அதில் சேர்கின்றன. நம் பள்ளிக்கு நாலு நல்ல கணினியும் இணையமும் போதும். ஏற்காட்டில் ஒரு பள்ளியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்வோம். என் பங்குப் பணத்தோடு சனிக்கிழமை மாலைகளையும் தருகிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று செயலாளரிடம் சொல்லுங்கள்.