வளவில் வற்றல், செல்லில் ராடார்

பங்குனி, சித்திரையில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கூழ் வற்றல், ஒரு பக்கம் மோர்மிளகாய், நடுவில் காக்காய் விரட்டக் குச்சியோடு நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், செல்லில் இருந்த வானிலைச் செயலி மழைக்கு 20 சதவீத வாய்ப்பு என்றது. நம்பிக் கொஞ்சம் படுத்தேன். நாலு மணிக்குச் சடசடவென்று கொட்டியது. ஆறு படி அரிசியில் பிழிந்த வற்றல். கூழாக வந்தது கூழாகவே போய்விட்டது.

அந்த 20 பொய்யில்லை. அது மாதிரிப் பத்து நாளில் இரண்டு நாள் மழை வரும் என்று அர்த்தம். ஆனால் நாலு மணிக்கு என் வளவில் வருமா என்பதற்கு அதில் பதில் இல்லையே.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகனிடம் புலம்பினேன். “சதவீதத்தை விடுங்க அயித்தை, காரைக்கால் ராடாரைப் பாருங்க” என்றான். என் காதில் காரைக்குடி என்று விழுந்தது. “நம்ம ஊர்ப் பக்கத்துலயே இருக்காப்பா?” என்று கேட்டுவிட்டு, இன்றுவரை கேலி வாங்குகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் தளத்தில் ராடார் படங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. காரைக்கால் இங்கிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர்; அந்த ராடாரின் பார்வைக்குள் நாமும் வருகிறோம். தளம் பார்க்க அழகாக இருக்காது, சமயத்தில் திறக்கவும் திறக்காது. பொறுமை வேண்டும்.

ராடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பி வரும். துளி பெரிதாக, நிறைய இருந்தால் எதிரொலியும் பலமாக இருக்கும். படத்தில் அது நீலத்திலிருந்து மஞ்சள், சிவப்பு என்று ஏறும். ஒரே படத்தைப் பார்த்துப் பதறக்கூடாது. கொஞ்ச நேரம் விட்டு இரண்டு மூன்று படம் பார்த்தால்தான் மழைத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபடும். நேரத்துக்குப் பக்கத்தில் யுடிசி என்று இருந்தால் அது உலகப் பொது நேரம்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் முதல் வாரம் முழுக்கக் காலையில் பெய்த மழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ராடாரும் தெய்வ வாக்கு இல்லை. தூரம் கூடக்கூட அதன் கதிர் தரையை விட்டு உயரே போய்விடும், தாழ்ந்த மேகத்து மழை கண்ணில் படாது. ஒருநாள் திருப்பத்தூர்ப் பக்கம் சிவப்பைப் பார்த்து எல்லாவற்றையும் வாரி உள்ளே வைத்தோம். பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் அது கரைந்துவிட்டது. “ஆச்சி, உங்க செல்லு நம்மளச் சும்மா ஓட விடுது” என்றார் வற்றல் பிழிய வரும் அக்கா.

மின்னலுக்குத் தாமினி என்று ஒரு செயலி, புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்தது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் காட்டும். எங்கள் அப்பத்தா செயலி இல்லாமலே, மின்னியதும் எண்ண ஆரம்பித்து, இடி கேட்டதும் நிறுத்துவார். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். மொட்டைமாடிக்குப் போகலாமா என்பதை அதை வைத்துத்தான் சொல்வார்.

அப்புறம், ராடார் மாதிரியே செல்லில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும் இந்த வீட்டு விஷயம். பதினோரு புள்ளிக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பார்க்கச் சொல்வார். ஒரு தரகர் அதற்கு இரண்டாயிரம் கேட்டார். பதிவுத்துறைத் தளத்தில் பார்ப்பதற்குக் காசே கிடையாது. கையெழுத்திட்ட நகலுக்குத்தான் கட்டணம். பட்டா, சிட்டாவும் அரசின் நில ஆவணத் தளத்தில் பார்க்கலாம். சர்வே எண், உட்பிரிவு இரண்டும் சரியாகத் தெரியவேண்டும். பெட்டகத்தில் இருந்த பழைய பத்திரத்தில் அதைத் தேடத்தான் எனக்கு ஒரு நாள் ஆனது.

ஊராட்சி எதற்கு எவ்வளவு செலவழித்தது என்று இ-கிராம் சுவராஜ் தளத்தில் வருஷவாரியாக இருக்கிறது. கிராமசபை வருஷத்தில் ஆறு நாள். போன மே 1 அன்று ஊரணி வரத்துக்கால் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். கேட்டதும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இப்போது மணி மூன்றே கால். மதுரைப் பக்கம் மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரிகிறது. அடுத்த படம் வரட்டும், மோர்மிளகாயை மட்டும் உள்ளே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.